ட்ரெயின் நின்றுவிட்டதா? சந்தோஷப்படாதீர்கள்

இதய அறுவை சிகிச்சை முடிந்து வந்தவரின் நெஞ்சுக் குழாயில், அதாவது ட்ரெயினில், ரத்தம் வடிவது மணிக்கு மணி குறைந்துகொண்டே வந்தால் நல்லது. ஓடிக்கொண்டிருந்தது திடீரென்று நின்றால் அது ஆபத்து. இந்த வித்தியாசம் தெரியாதவரை ஐசியூவில் நைட் டியூட்டிக்குப் போடக் கூடாது என்று நான் அடித்துச் சொல்வேன். என்னிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு முதல் நாளே இதைத்தான் சொல்கிறேன். ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பைபாஸ் நோயாளி தியேட்டரிலிருந்து வந்ததும் செய்ய வேண்டியவை உங்களுக்கே தெரியும். வென்டிலேட்டர், மானிட்டர், ஆர்ட்டீரியல் லைன், ஏபிஜி, பொட்டாசியம் 4-க்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்வது, உடம்புச் சூடு, மணிக்கொரு முறை யூரின் அளவு. இவற்றை எந்த நர்சிங் கல்லூரியிலும் சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

அப்போது கொங்குப் பக்கம் ஒரு பெரிய தனியார் மருத்துவமனையில் இருந்தேன். நோயாளி தென்னந்தோப்பு வைத்திருந்த விவசாயி, அறுபதை நெருங்கியவர். மூன்று இடத்தில் பைபாஸ். மதியம் ஐசியூவுக்கு வந்திருந்தார். இரவு எட்டு மணிக்கு நான் டியூட்டி ஏற்றேன். மாலை ஷிஃப்டில் இருந்த சீனியர், ஸ்டேஷனில் உட்கார்ந்தபடியே ஹேண்டோவர் கொடுத்தார். "ட்ரெயின் நின்னுடுச்சு. ஆறு மணியிலிருந்து ஜீரோ. நல்லா இருக்கார். யூரின்தான் கொஞ்சம் கம்மி, லாசிக்ஸ் போட்டாச்சு."

அந்த ஒரு ஹேண்டோவர்தான் அந்தக் குடும்பத்துக்கு எல்லாவற்றையும்விட அதிக நஷ்டத்தைக் கொடுத்தது.

சார்ட்டை எடுத்துப் பார்த்தேன். மூன்று மணிக்கு 110 மில்லி. நான்கு மணிக்கு 120. ஐந்து மணிக்கு 100. ஆறு, ஏழு, எட்டு மூன்றுக்கும் பூஜ்யம். மணிக்கு நூறு மில்லி வடிந்துகொண்டிருந்தவருக்கு அடுத்த மணி நேரத்திலேயே கசிவு சுத்தமாக நின்றுவிடுமா? வெளியே வரவில்லை என்றால் உள்ளே தேங்குகிறது. இதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. மூன்று மணி நேரம் பூஜ்யம் எழுதிய கைக்கு ஒரு தடவையாவது இந்தச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

படுக்கைக்குப் போய்ப் போர்வையை விலக்கினேன். ட்ரெயின் குழாய் தொடைக்கு அடியில் மடங்கிக் கிடந்தது. எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால், ஒரு சாண் நீளத்துக்கு ஈரல் துண்டு போலக் கருத்த ரத்தக்கட்டி அடைத்துக்கொண்டு நின்றது. பாதத்தைத் தொட்டேன், முழங்கால்வரை சில்லிட்டிருந்தது. மானிட்டரில் பிபி 94/76. மாலையில் 124/70 இருந்திருக்கிறது. சிவிபி 8-லிருந்து 18-க்கு ஏறியிருந்தது. நாடித்துடிப்பு 120. யூரின் பையில் அந்த மணி நேரத்துக்கு 12 மில்லி.

இந்த எண்களைச் சேர்த்துப் படித்தால் ஒரே பதில்தான் வரும். இதயத்தைச் சுற்றி ரத்தம் தேங்கி அதை அமுக்குகிறது. அமுக்கினால் இதயம் விரிந்து நிரம்ப முடியாது. திரும்பி வரும் ரத்தம் உள்ளே போக வழியில்லாமல் சிவிபி ஏறும். வெளியே தள்ள ரத்தம் இல்லாமல் பிபி இறங்கும், மேல் பிபிக்கும் கீழ் பிபிக்கும் உள்ள இடைவெளி சுருங்கும். கார்டியாக் டேம்பனேட் என்கிறோமே, அது இதுதான். கிளாட் பெக் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 1935-லேயே மூன்று அடையாளங்களைச் சொல்லிவிட்டார்: இறங்கும் பிபி, ஏறும் சிரை அழுத்தம், மங்கும் இதய ஒலி. வென்டிலேட்டர் இரைச்சலில் மூன்றாவது நமக்குக் கேட்காது. அதற்குப் பதிலாகத்தான் நம் கையில் ட்ரெயின் குழாய் இருக்கிறது.

டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டேன். வந்தார். பிபி குறைவா, நோர் அட்ரினலினைக் கூட்டுங்கள். யூரின் குறைவா, இன்னொரு லாசிக்ஸ் போடுங்கள். சிவிபி அதிகமா, ஃப்ளூயிடைக் குறையுங்கள். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சரிபோலத்தான் இருக்கும். சேர்த்துப் பார்த்தால் எல்லாமே தப்பு. அமுக்கப்பட்ட இதயம் உள்ளே வரும் ரத்தத்தை நம்பித்தான் ஓடுகிறது. அந்த நேரத்தில் லாசிக்ஸ் போட்டு உடம்பிலிருக்கும் நீரை இறக்கினால் இருக்கிற பிபியும் போய்விடும்.

"சார், டேம்பனேடா இருக்குமோன்னு தோணுது. ட்ரெயின்ல கட்டி அடைச்சிருக்கு, பாருங்க."

"டயக்னோசிஸ் நாங்க பார்த்துக்கறோம் சிஸ்டர். சொன்னதை மட்டும் செய்யுங்க."

நோர் அட்ரினலினைக் கூட்டினேன். லாசிக்ஸ் ஆம்பூலை உடைக்கவில்லை. "மருந்தை நிறுத்திவைத்து விளக்கம் கேட்கப்பட்டது" என்று நேரம் போட்டுச் சார்ட்டில் எழுதினேன். நேராக சர்ஜனின் கைப்பேசிக்கு அடித்தேன். மூன்று மணி நேரமாக ட்ரெயின் இல்லை, குழாயில் கட்டி, பிபி இவ்வளவு, சிவிபி இவ்வளவு என்று சொன்னேன். "தியேட்டரை ரெடி பண்ணச் சொல்லுங்க, வர்றேன்" என்று மட்டும் சொன்னார். அதற்குள் எடுத்த எக்கோவில் தெளிவாக ஒன்றும் தெரியவில்லை. அறுவைக்குப் பிறகு கட்டி இதயத்தின் பின்பக்கம் ஓரிடத்தில் மட்டும் தங்கினால், நெஞ்சின் மேல் வைத்து எடுக்கும் எக்கோ அதைத் தவறவிடலாம். சர்ஜன் எக்கோவை நம்பிக் காத்திருக்கவில்லை. நெஞ்சைத் திறந்தபோது வலது ஏட்ரியத்துக்குப் பின்னால் ஒரு கை நிறையக் கட்டி. எடுத்த உடனே பிபி ஏறியது என்று தியேட்டர் சிஸ்டர் பிறகு சொன்னார்.

உயிர் பிழைத்தது. ஆனால் இழந்த அந்த மணி நேரங்களில் சிறுநீரகம் அடிபட்டுவிட்டது. டயாலிசிஸ், நீண்ட ஐசியூ வாசம், அதற்கேற்ற பில். தோப்பில் ஒரு பகுதியை விற்றதாக மகன் சொன்னார். "ஏனுங்க சிஸ்டர், அன்னிக்குச் சாயந்திரம் கேட்டப்ப நல்லா இருக்காருன்னு தானுங்களே சொன்னாங்க?" என்று அவர் கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் யாரும் சொல்லவில்லை.

எனக்கு வந்தது மெமோ. டியூட்டி டாக்டரைத் தாண்டி சர்ஜனை நேரடியாக அழைத்தது ஒழுங்கு மீறலாம். உட்கார்ந்த இடத்தில் ஹேண்டோவர் கொடுத்தவருக்கு ஒரு வார்த்தைகூட இல்லை. சார்ட்டின் நகலை இணைத்துப் பதில் எழுதிக் கொடுத்தேன். அதன்பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அன்று செய்ததை இன்றும் அப்படியேதான் செய்வேன்.

நர்ஸ் முடிவெடுக்கக் கூடாது என்பவர்கள் இதயச் சிகிச்சைப் பிரிவுகளின் வரலாற்றைப் படிக்கட்டும். 1960-களில் அவை தொடங்கியபோது, மானிட்டரைப் பார்த்துக்கொண்டே டாக்டர் வருவதற்காகக் காத்திருந்த இடங்களில் உயிர்கள் போயின. பிலடெல்ஃபியாவில் லாரன்ஸ் மெல்ட்சர் என்ற மருத்துவரும் ரோஸ் பின்னியோ என்ற நர்ஸும் சேர்ந்து, நர்ஸே தாளக்கோளாறைக் கண்டுபிடித்து நர்ஸே ஷாக் கொடுக்கலாம் என்று பயிற்சி கொடுத்துக் காட்டினார்கள். இன்று நாம் வேலை பார்க்கும் ஐசியூ அந்த நம்பிக்கையின் மேல் கட்டப்பட்டது.

உங்கள் நிலைமையும் இதுதான் என்று எனக்குத் தெரியும். ராத்திரிக்கு ஒரே ஒரு டியூட்டி டாக்டர், வீட்டில் இருக்கும் சர்ஜன், ஆளுக்கு இரண்டு மூன்று நோயாளிகள். அதனால் சொல்கிறேன்.

ஹேண்டோவரைப் படுக்கைக்குப் பக்கத்தில்தான் வாங்குங்கள். குழாயை மடிப்பு நீக்கி, கட்டி இருக்கிறதா என்று நீளம் முழுக்கப் பாருங்கள். அடைப்பை எடுக்கிறேன் என்று பலமாக உருவி இழுக்காதீர்கள். உள்ளே உறிஞ்சும் அழுத்தம் ஏறித் திசுவைக் காயப்படுத்தும். கடைசி ஒரு மணி நேர அளவை மட்டும் கேட்காமல், தியேட்டரிலிருந்து வந்த நேரம் முதல் அத்தனை அளவையும் வரிசையாகப் பாருங்கள்.

சிவிபி ஏறியிருந்தால் முதலில் டிரான்ஸ்டியூசர் நான்காவது விலா இடைவெளிக்கு நேராக, அக்குளின் நடுக்கோட்டு மட்டத்தில் இருக்கிறதா என்று பார்த்து, ஜீரோ செய்து மறுபடி பாருங்கள். அப்போதும் அதே எண் என்றால் அது பொய்யில்லை.

போனில் பேசும்போது "சார், பேஷன்ட் சரியில்லை" என்று தொடங்காதீர்கள். என்ன அறுவை, எத்தனை மணி நேரம், எது எவ்வளவிலிருந்து எவ்வளவுக்குப் போனது, நீங்கள் எதைச் சந்தேகப்படுகிறீர்கள், இப்போது என்ன வேண்டும். இவ்வளவையும் அரை நிமிடத்தில் சொல்லிவிடலாம். எண் சொல்லிப் பேசினால் யாரும் உங்களை அடக்க முடியாது. என்ன சொன்னீர்கள், என்ன பதில் வந்தது என்பதை நேரத்தோடு எழுதிவையுங்கள். என்னைக் காப்பாற்றியது அந்த இரண்டு வரிதான்.

நெஞ்சைத் திறக்கும் செட் உங்கள் ஐசியூவில் எந்த அலமாரியில் இருக்கிறது என்று டியூட்டி ஏற்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். இதய அறுவை முடிந்து சில நாட்களுக்குள் இதயம் நின்று, ஷாக்குக்கும் பேஸிங்குக்கும் அது திரும்பவில்லை என்றால், 5 நிமிடத்துக்குள் நெஞ்சைத் திறக்க வேண்டும் என்று அமெரிக்காவின் நெஞ்சக அறுவை மருத்துவர்கள் சங்கம் 2017-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. சாவி யாரிடம் என்று தேடினாலே அந்த ஐந்து நிமிடம் தீர்ந்துவிடும்.

சீனியர் கோபித்துக்கொள்வார், இன்சார்ஜ் கூப்பிட்டுக் கண்டிப்பார். கண்டிக்கட்டும். குழாயை உங்கள் கையால் எடுத்துப் பார்க்காமல் எந்த ஹேண்டோவரிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.