சிலோன் கேம்ப்பைப் பற்றி ஊர் சொல்வது

சிதம்பரத்தில் ஞானப்பிரகாசர் குளம் எங்கே என்று கேட்டால் யாரும் வழி காட்டுவார்கள். வெட்டியவர் யார் என்று கேட்டால்தான் யோசிப்பார்கள். அவர் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிக்காரர். போர்த்துக்கீசர் காலத்தில், அதிகாரியின் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வீடு முறை வைத்து மாடு கொடுக்க வேண்டியிருந்ததாம். தன் முறை வந்தபோது மாட்டைக் கொடுக்க மனமில்லாமல் இரவோடிரவாகக் கடல் தாண்டி வந்துவிட்டார் என்பது வழிவழியாகச் சொல்லும் கதை. அவர் மரபில் வந்த ஆறுமுக நாவலர் 1864இல் இதே ஊரில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார்.

தப்பி வந்தவர் வெட்டிய குளத்துக்கு அவர் பெயரையே வைத்துக்கொண்ட மாவட்டம் இந்தக் கடலூர். ஆனால் குறிஞ்சிப்பாடி, அம்பலவாணன்பேட்டை, காட்டுமன்னார்கோயில் ஆகிய இலங்கைத் தமிழர் முகாம்களில் இருப்பவர்களைப் பற்றி டீக்கடையில் பேச்சு வந்தால் நமக்கு வேறு நாக்கு முளைத்துவிடுகிறது. அடிக்கடி காதில் விழும் சிலவற்றை எடுத்துக்கொள்வோம்.

“சண்டை முடிஞ்சு எத்தனை வருஷம் ஆச்சு, இன்னும் ஏன் போகலை?”

போனார்கள். 1983 ஜூலைக் கலவரத்திலிருந்து தமிழகம் வந்தவர்கள் 3,04,269 பேர் என்று 2021இல் மாநில அரசு கணக்குச் சொன்னது. அப்போது முகாம்களில் இருந்தவர்கள் 58,822 பேர். காவல் நிலையத்தில் பதிந்துவிட்டு வெளியே வசித்தவர்கள் 34,087 பேர். அதாவது வந்த தொகையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதற்குள்ளும் இங்கேயே பிறந்தவர்கள் அடக்கம். 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தை நம்பி ஊர் திரும்பி, 1990 ஜூனில் மறுபடி சண்டை மூண்டதும் இரண்டாம் முறை படகேறியவர்களும் உண்டு. ஒருமுறை நம்பிப் போய்ச் சூடுபட்டவர்களிடம் ‘ஏன் போகலை’ என்று கேட்பது சுலபம். யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கில் 1990இல் இராணுவம் எடுத்துக்கொண்ட காணிகள் போர் முடிந்த பிறகும் துண்டு துண்டாகத்தான் திரும்பக் கிடைத்தன.

ஒரே கூரைக்குள் ஆசைகளும் ஒன்றாக இல்லை. கிழவிக்குத் தன் வளவும் கிணறும் கண்ணிலேயே நிற்கும். இங்கே பிறந்து இங்கே படித்த பேத்திக்கு அந்த ஊர் பாட்டி சொல்லும் கதை மட்டும்தான்.

“கவர்மெண்ட் உட்கார வெச்சு சோறு போடுது.”

2021இல் உயர்த்தப்பட்ட பணக்கொடை இது: குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1,000, பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு 500. கணவன், மனைவி, இரண்டு சிறு பிள்ளைகள் என்றால் 3,500. ஆளுக்கு ஒரு நாளைக்கு முப்பது ரூபாய்கூட வராது. ரேஷன் அரிசி தனி. இதை வைத்து யாரும் உட்கார்ந்து சாப்பிட முடியாது; உட்காரவும் இல்லை. முகாம் ஆண்கள் என்றாலே பெயின்ட் வேலை என்று ஆகிவிட்டது. விடிந்ததும் தூரிகையும் வாளியுமாக பஸ் ஏறுகிறார்கள். ஆனால் ஆள் கணக்கெடுக்கும் பதிவு நாளன்று முகாமில் இருந்தாக வேண்டும். வெளியூர் வேலை கிடைத்தால் அனுமதி கேட்க வேண்டும், போலீஸின் உளவுப் பிரிவான கியூ பிராஞ்ச் விசாரிக்கும். படித்த பையன் இன்ஜினீயர் ஆனாலும் அரசு வேலைக்கு மனுப் போட முடியாது. அவனும் பலசமயம் அப்பாவோடு சாரம் ஏறுகிறான்.

“முகாம்னா தற்காலிகம்தானே?”

அரசாணையில் தற்காலிகம்தான். பத்தடிக்குப் பத்தடி அறை, தகரமோ தார் அட்டையோ கூரை, இரண்டு அறைக்கு நடுவே பொதுச் சுவர். மகனுக்குக் கல்யாணம் ஆனால் குறுக்கே ஒரு சேலையைக் கட்டித் தனிக்குடித்தனம். அந்த மாதிரிக் கூரைகளின் கீழ் இருந்தபோதுதான் 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூருக்கு வந்தது. 2021இல் முகாமின் பெயரிலிருந்து ‘அகதி’ போய் ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ ஆனது. மாநிலம் முழுவதும் 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தரும் அறிவிப்பும் வந்தது. 2023 செப்டம்பரில் முதல் தொகுதியாக 1,591 வீடுகள் திறக்கப்பட்டன. தாமதமானாலும் உருப்படியான வேலை, பாராட்டத்தான் வேண்டும்.

“இங்கே பிறந்த பிள்ளைங்க இந்தியர்தானே? ஆதார்கூட இருக்கே.”

இரக்கமுள்ளவர்களும் தவறாக நம்புவது இதைத்தான். ஆதார், வசிப்பவருக்குத் தரும் எண். குடியுரிமைச் சான்று அல்ல. குடியுரிமைச் சட்டப்படி 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்தியாவில் பிறந்தவர் இந்தியர். பெற்றோர் யாரென்ற கேள்வியே இல்லை. 1987 ஜூலை 1 முதல் பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தால், ஒருவர் இந்தியராக இருந்தாலும் மற்றவர் ‘சட்டவிரோதக் குடியேறி’யாக இருக்கக் கூடாது. உயிருக்குப் பயந்து படகில் வந்தவர் பாஸ்போர்ட் முத்திரையோடா வந்திருப்பார்? சட்டத்தின் கண்ணில் அவர் சட்டவிரோதக் குடியேறி. குறிஞ்சிப்பாடிக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டாலும் அவருக்குக் குடியுரிமை வராது. பிறக்கும் பிள்ளைக்கும் சிக்கல்.

அகதிகள் பற்றிய 1951ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை, அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இல்லை. குடியுரிமைச் சட்டத்தின் 2019 திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த முஸ்லிம் அல்லாத சிறுபான்மையினருக்கு வழிவிட்டது. இலங்கை பட்டியலில் இல்லை. இத்தனைக்கும் முகாம்களில் மலையகத் தமிழர் பலர். அவர்களுடைய பாட்டன் பூட்டன் தேயிலைத் தோட்டத்துக்குப் போனது இதே தமிழ்நாட்டிலிருந்துதான். 2025 செப்டம்பரில் ஒரு மத்திய ஆணை வந்தது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிந்த இலங்கைத் தமிழருக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாததற்காகத் தண்டனை கிடையாது என்றது. நல்லது, ஆனால் அது தண்டனையிலிருந்து விலக்கு மட்டும்தான்.

1987 கெடுவுக்குள் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் விடாமல் வழக்காடினார். 2022இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அவருக்கு இந்தியப் பாஸ்போர்ட் தரச் சொன்னது. 2024 ஏப்ரலில் திருச்சியில் அவர் முதன்முறையாக ஓட்டுப் போட்டார். அவர் பிறந்தது 1986இல்.