விழிக்க மறுக்கும் புதுக் கணிப்பொறி

காய்ச்சல் என்று போனால் மருத்துவர் உடனே மருந்து எழுதிவிடுவதில்லை. நாடி பார்க்கிறார், நாக்கை நீட்டச் சொல்கிறார், எத்தனை நாளாக என்று கேட்கிறார். அதன் பிறகே பேனாவை எடுக்கிறார். கணிப்பொறிக்கும் இம்முறையே பொருந்தும். ஆனால், பாகம் பாகமாக வாங்கி வீட்டில் நாமே பூட்டிய புதுக் கணிப்பொறி இயங்கவில்லை என்றால், நாடி பார்க்கும் முன்பே “மதர்போர்டு போய்விட்டது” என்று தீர்ப்புக் கூறிவிடுகிறோம். நல்ல பாகத்தின் மீது பழி போட்டு வேறொன்றுக்குப் பணம் கட்டுகிறோம். நோயோ இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஆகவே, பழுதை முறையாகக் கண்டறிவது எப்படி என்பதை இங்கே காண்போம்.

பொத்தானை அழுத்தியதும் நடப்பது என்ன?

சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுதிசை மின்னோட்டத்தை எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின்பெட்டி 12, 5, 3.3 வோல்ட் நேர்திசை மின்னோட்டமாக மாற்றித் தருகிறது. அது நிலைபெற்றதும் ‘மின்சாரம் சரி’ என்று மதர்போர்டுக்குக் குறிப்பு அனுப்புகிறது. அதன் பின்னரே பிராசஸர் விழித்து, பயாஸ் என்னும் சிறு நிரலைப் படிக்கத் தொடங்குகிறது. அந்நிரல் முதலில் ராம் எனப்படும் நினைவகத்தையும், பிறகு திரைக்குப் படம் அனுப்பும் பகுதியையும் சோதிக்கிறது. இறுதியில் வட்டிலுள்ள இயக்க நிரலிடம் பொறுப்பை ஒப்படைக்கிறது.

இச்சோதனைக்குப் ‘போஸ்ட்’ என்று பெயர். 1981-இல் வெளிவந்த ஐ.பி.எம். கணிப்பொறி, சோதனை நன்கு முடிந்தால் ஒருமுறை ‘பீப்’ என்று ஒலிக்கும். இன்றைய மதர்போர்டுகள் பலவற்றில் சி.பி.யு., டிராம், வி.ஜி.ஏ., பூட் என்று எழுதிய நான்கு சிறு விளக்குகள் உள்ளன. எந்த விளக்கு அணையாமல் நிற்கிறதோ, அந்தப் படியில்தான் தடை என்று பொருள். எனவே நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி “எந்தப் பாகம் கெட்டது?” என்பதன்று; “எந்தப் படியில் நின்றது?” என்பதே.

முதலில் பாதுகாப்பு

பெட்டியைத் திறக்கும் முன் மின்கம்பியைச் சுவரிலிருந்து கழற்றி, பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடிக்க வேண்டும். கைகளிலுள்ள நிலைமின்சாரம் நீங்க, பெட்டியின் வெறும் உலோகப் பகுதியைத் தொட வேண்டும். எஸ்.எம்.பி.எஸ்.ஸை மட்டும் ஒருபோதும் திறத்தல் கூடாது. மின்சாரம் நிறுத்திய பின்னும் அதனுள் இருக்கும் மின்தேக்கிகள் ஆபத்தானவை. பெரியவர் ஒருவர் உடனிருப்பது நல்லது.

மூன்று வகைப் பழுதுகள்

முதல் வகை, எந்த அசைவும் இல்லாமை. எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பின்புறச் சுவிட்சு போடப்பட்டுள்ளதா? 24 முனை கொண்ட பெரிய இணைப்பு ‘க்ளிக்’ என்று பூட்டிக்கொண்டதா? பெட்டியின் பொத்தானிலிருந்து வரும் மெல்லிய கம்பி, கையேடு காட்டும் இரண்டு ஊசிகளில்தான் உள்ளதா? போர்டுக்கு அடியில் தேவையற்ற இடத்தில் பித்தளைத் தாங்கியோ, தவறி விழுந்த திருகாணியோ இருந்தால் குறுக்கு மின்னோட்டம் ஏற்பட்டு, பொறி ஒரு கணம் ஓடி நின்றுவிடுவதும் உண்டு.

இரண்டாம் வகை, விசிறி சுழலும். திரை கறுப்பாக இருக்கும். எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், தாயார் சீட்டு எடுத்த பணத்தில் மூத்த மகளின் படிப்புக்காக வாங்கிய கணிப்பொறி இப்படித்தான் நின்றது. விசிறி ஓடுவதால் மின்சாரத்தில் குறையில்லை, பிராசஸரைத்தான் மாற்ற வேண்டும் என்றார்கள் வந்து பார்த்தவர்கள். தாயார் வளையலைக் கழற்றி வைத்துவிட்டார். எட்டாம் வகுப்பு படிக்கும் இளைய மகள் கையேட்டின் படத்தையும் போர்டையும் மாறி மாறிப் பார்த்து, “அம்மா, இந்த மூலையில் ஒரு குழி காலியாக இருக்கிறதே” என்றாள். பிராசஸருக்கென்று தனியே மின்சாரம் தரும் 8 முனை இணைப்பு அது! அதைச் செருகியதும் திரையில் எழுத்து வந்தது. வளையலும் கைக்குத் திரும்பியது.

இவ்வகையில் பார்க்க வேண்டியவை இன்னும் சில. கிராபிக்ஸ் கார்டு இருந்தால் மானிட்டர் கம்பியை அதில் செருக வேண்டும், மதர்போர்டில் அன்று. ராம் பட்டையை அழுத்திப் பொருத்தி, கொக்கி பூட்டிக்கொண்டதா என்று பார்க்க வேண்டும். இரண்டு பட்டைகளாயின் பெரும்பாலான நான்கு குழிப் போர்டுகளில் பிராசஸரிலிருந்து எண்ணி 2, 4-ஆம் குழிகளே அவற்றின் இடம். டி.டி.ஆர்.5 வகை ராம் உள்ள பொறி முதன்முறை விழிக்கச் சில நிமிடங்கள் எடுக்கக்கூடும். அதுவரை பொறுத்திருத்தல் வேண்டும். பிராசஸர் புதியதாகவும் பயாஸ் பழையதாகவும் இருந்தால், இரண்டும் நல்லவையே ஆயினும் ஒன்றையொன்று அறியாமல் நிற்கும். பயாஸைப் புதுப்பித்தாலே போதும்.

மூன்றாம் வகை, எழுத்து வரும்; ஆனால் வேலை தொடங்காது. வட்டு இல்லை என்று திரை சொன்னால், புதிய வட்டில் இயக்க நிரலே இன்னும் ஏற்றப்படாமல் இருக்கலாம், அது பழுதன்று. சிறிது நேரத்தில் தானே அணைந்தால் பயாஸ் காட்டும் வெப்ப அளவைப் பார்க்க வேண்டும். குளிர்விப்பானின் அடியில் ஒட்டிய பிளாஸ்டிக் தாளை உரிக்காமல் பூட்டிவிடுவோரும் உண்டு.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

இத்தனையும் பார்த்த பின்னும் விழிக்காவிட்டால், போர்டை வெளியே எடுத்து அதன் அட்டைப்பெட்டியின் மேல் வைத்து, பிராசஸர், குளிர்விப்பான், ஒரே ஒரு ராம் பட்டை, எஸ்.எம்.பி.எஸ். ஆகியவற்றோடு மட்டும் சோதிக்கலாம். பிராசஸரில் படம் தரும் பகுதி இல்லையெனில் கிராபிக்ஸ் கார்டும் வேண்டும். இயங்கினால் மற்றவற்றை ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். எதைச் சேர்த்ததும் நிற்கிறதோ, அங்கேதான் தேட வேண்டும். ஒரே சமயத்தில் மூன்றை மாற்றினால், பொறி இயங்கினாலும் காரணம் தெரியாது. ஒவ்வொரு சோதனையையும் அதன் விளைவையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவருதல் அவசியம்.

இவ்வழி புதியதன்று. 1946-இல் அமெரிக்காவில் வெளியுலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் கணிப்பொறியில் ஏறத்தாழ 18,000 வால்வுகள் இருந்தன. அதற்கு நிரல் அமைத்தவர்கள் ஆறு பெண்கள். அவர்களுள் ஒருவரான கேத்லீன் மெக்நல்டி, பிலடெல்பியாவில் நம்மைப் போலவே கத்தோலிக்கப் பெண்கள் பள்ளியில் படித்து, கன்னியர் நடத்திய கல்லூரியில் 1942-இல் கணிதப் பட்டம் பெற்றவர். பொறியின் வரைபடங்களைப் படித்தே அதன் உள்ளமைப்பைக் கற்றுக்கொண்ட அப்பெண்கள், பழுது நேர்ந்தபோது எந்த வால்வில் கோளாறு என்று தேடிச் சொல்லும் அளவுக்குத் தேர்ந்தார்கள். 18,000-இல் ஒன்றை அவர்களால் தேட முடிந்ததென்றால், ஏழெட்டுப் பாகங்களில் ஒன்றை நம்மால் தேட முடியாதா?

சில வேளைகளில் பாகம் உண்மையிலேயே கெட்டிருக்கும். அப்போதும் நம் நோட்டுப் புத்தகம் துணை நிற்கும். “ஏதோ ஓடவில்லை” என்று கடைக்குப் போவதற்கும், “இன்னின்னதைச் சோதித்தோம், இந்தப் பட்டையைப் போட்டால் மட்டும் நிற்கிறது” என்று போவதற்கும் வேறுபாடு உண்டு. முன்னதைக் கேட்பவர் நமக்காகத் தீர்ப்புக் கூறுவார். பின்னதைக் கேட்பவர் நம்மோடு சேர்ந்து தேடுவார்.