தீபாவளிச் சீட்டும் போயா விடுமுறையும்

கேள்வி: தீபாவளி அன்று பின்னேரம் எங்கள் லயத்துக்கு முன்னால் பாதையோரம் பொடியன்கள் நாலைந்து பேர் காசு வைத்துச் சீட்டு விளையாடினார்கள். பொலிஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது. பண்டிகை நாளில் விளையாடினால் குற்றமில்லை என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். நுவரெலியாவில் குதிரைப் பந்தயம் நடக்கிறது, டவுனில் லொத்தர் விற்கிறார்கள், அதெல்லாம் சூது இல்லையா? போயாவுக்குச் சாராயக்கடையை மூடும் அரசாங்கம் எங்கள் தீபாவளியை ஏன் அப்படிப் பார்ப்பதில்லை?
- தோட்டத் தொழிலாளி ஒருவர், டயகம

பதில்: பண்டிகைக்கென்று சூதாட்டச் சட்டத்தில் விலக்கு கிடையாது. தீபாவளிக்கும் இல்லை, சித்திரை வருடப்பிறப்புக்கும் இல்லை, வெசாக்குக்கும் இல்லை. பெரியவர்கள் சொல்வது பொலிஸ் கண்டும் காணாமல் விட்ட காலத்தில் வந்த நம்பிக்கை.

1889ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க சூதாட்டக் கட்டளைச் சட்டம் இடத்தைத்தான் பார்க்கிறது. பாதை, தெரு, பொதுமக்கள் வந்துபோகக்கூடிய இடம், சாராயக்கடை வளவு, சூதுக்கென்றே நடத்தப்படும் இடம் ஆகியவற்றில் காசு வைத்து விளையாடினால் குற்றம். சேவல் சண்டைக்கு இந்த இட வரையறையும் இல்லை. காசு வைக்காவிட்டாலும், மறைவாக நடத்தினாலும் குற்றம்தான். ஆகவே பாதையோரமும் கோயில் முற்றமும் பிரட்டுக்களமும் ஆபத்தான இடங்கள். வீட்டு இஸ்தோப்பில் குடும்பத்தார் மட்டும் உட்கார்ந்து விளையாடியிருந்தால் வாதாட இடமுண்டு. அடுத்த லயத்தாரும் முன்பின் தெரியாதவர்களும் வந்து சேரும் ஆட்டமென்றால் அந்த வாதம் நிற்பது கடினம்.

குதிரைப் பந்தயமும் லொத்தரும் சூதுதான். ஆனால் அவற்றுக்கு அரசின் அனுமதி இருக்கிறது, வருமானமும் அரசுக்குப் போகிறது. தேசிய லொத்தர் சபை 1963ஆம் ஆண்டின் நிதிச் சட்டத்தால் வந்தது. கசினோக்களுக்கு 2010இல் தனிச் சட்டம் வந்தது. மேலே சொன்ன 1889ஆம் ஆண்டுச் சட்டம் உட்பட, குதிரைப் பந்தயம், சூதாட்டம், கசினோ பற்றிய பழைய சட்டங்களை நீக்கி, எல்லாவற்றையும் ஒரே அதிகாரசபையின் கீழ் கொண்டுவரும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. எனவே பொடியன்கள் மீதான குற்றச்சாட்டில் எந்தச் சட்டம், எந்தப் பிரிவு குறிக்கப்பட்டிருக்கிறது என்பதைச் சட்டத்தரணி முதலில் பார்க்க வேண்டும். கசினோவுக்கு உரிமம், லயத்துச் சீட்டுக்கு விலங்கா என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. என்றாலும் நீதவான் முன் அது எதிர்வாதமாகாது.

இனி மதம். இலங்கை மதச்சார்பற்ற நாடு என்று அரசியலமைப்பு சொல்லவில்லை. 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் தருகிறது. 10ஆம் உறுப்புரையோ எவருக்கும் தான் விரும்பும் மதத்தைக் கொண்டிருக்கும் சுதந்திரத்தைத் தருகிறது. இந்த இரண்டில் எதை மாற்றுவதானாலும் நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பெரும்பான்மையும் மக்கள் தீர்ப்பும் வேண்டும். அமெரிக்காவில் அரசு எந்த மதத்தையும் நிறுவக் கூடாது என்பது அரசியலமைப்பு விதி. அங்கேயே ஞாயிறு கடையடைப்புச் சட்டங்களை 1961இல் மேரிலாந்து வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. பொதுவான ஓய்வு நாளாக அது மாறிவிட்டது என்பது காரணம்.

இங்கே 1966 முதல் 1971 வரை ஞாயிறு வார விடுமுறையாகவே இருக்கவில்லை; போயா நாட்கள்தான் விடுமுறை. 1971ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விடுமுறைச் சட்டம் ஞாயிறைத் திரும்பக் கொண்டுவந்து, முழுநிலாப் போயாவையும் வைத்துக்கொண்டது.

உண்மையில் வலிக்க வேண்டிய இடம் வேறு. தீபாவளி அரச விடுமுறை, வங்கி விடுமுறை. ஆனால் கடை, அலுவலக ஊழியருக்குரிய 8 சட்டபூர்வ விடுமுறைகளில் அது இல்லை. தைப்பொங்கல் இருக்கிறது, நத்தார் இருக்கிறது, மீலாத் இருக்கிறது, வெசாக்குக்கு மறுநாள் இருக்கிறது. டயகமவிலிருந்து கொழும்புக்குப் போய்ப் புடவைக்கடையிலும் சாப்பாட்டுக்கடையிலும் நிற்கும் பிள்ளை தீபாவளிக்கு வீட்டுக்கு வர முதலாளியிடம் கெஞ்ச வேண்டியிருப்பது இதனால்தான். அதே பிள்ளை போயாவன்று வேலை செய்தால் ஒன்றரை நாள் சம்பளம் சட்டப்படி கிடைக்க வேண்டும். தொழிற்சங்கங்களும் மலையக நாடாளுமன்ற உறுப்பினர்களும் கேட்க வேண்டியது, தீபாவளியை ஒன்பதாவது நாளாகச் சேர்க்கும்படி. அதற்கு அரசியலமைப்பை மாற்றத் தேவையில்லை.

பிடிபட்டவர்கள் விஷயத்தில் அவசரமாகச் செய்ய வேண்டியவை உண்டு. சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தைத் தமிழில் விளங்கப்படுத்தாமல் கையெழுத்திடக் கூடாது. நீதிமன்றத்தில் அரசின் செலவிலேயே தமிழ் மொழிபெயர்ப்பைக் கேட்கலாம். 24ஆம் உறுப்புரை தரும் உரிமை அது. சட்டத்தரணிக்குப் பணமில்லாதவர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். அபராதத்தோடு முடியட்டும் என்று யாரிடமும் கேட்காமல் குற்றத்தை ஒப்புக்கொள்வதே அதிகம் நடக்கும் தவறு. பிறகு வேலைக்கும் வெளிநாட்டுப் பயணத்துக்கும் பொலிஸ் சான்றிதழ் கேட்கும்போது அது குறுக்கே நிற்கலாம்.

பக்கத்தில் இதேபோல் விளையாடிய வேறு சமூகத்தாரை விட்டுவிட்டு, இந்து, தமிழர் என்பதற்காகவே இவர்களைப் பிடித்தார்கள் என்று காட்ட முடிந்தால், 12ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு போடலாம். கால எல்லை ஒரு மாதம். அதற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டுவிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் உள்ள நாட்கள் அந்த ஒரு மாதத்தில் கணக்கிடப்படமாட்டா.