தேன்சிட்டு தரும் பாடம்



வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு சாடியில் செவ்வரத்தை பூத்தாலும் போதும், அதைத் தேடித் தேன்சிட்டு வந்துவிடும். ஊரில் முருங்கைப் பூவிலும் வாழைப்பொத்தியிலும் நாம் கண்ட அதே பறவைதான்.

உருவமும் உணவும்

பூவின் முன் அந்தரத்தில் நின்று தேன் குடிக்கும் ரீங்காரச் சிட்டுகள் அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழ்கின்றன. அவற்றுள் மிகச் சிறியது கியூபாவில் உள்ளது. எடை சுமார் 2 கிராம். நமது ஊதாப்பிட்டத் தேன்சிட்டு வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. நீளம் சுமார் 10 சென்ரிமீற்றர். இது பெரும்பாலும் காம்பில் அமர்ந்து, வளைந்த அலகைப் பூவினுள் விட்டுத் தேன் உறிஞ்சும். அப்போது உடலில் ஒட்டும் மகரந்தம் அடுத்த பூவுக்குப் போய்ச் சேர்கிறது. 1752 முதல் 1757 வரை இலங்கையின் ஒல்லாந்த ஆளுநராக இருந்த லோட்டனின் பெயரால் அழைக்கப்படும் இன்னொரு தேன்சிட்டும் இங்கு உண்டு. அதன் அலகு இன்னும் நீளமானது.

கூடும் குஞ்சும்

நாரையும் பட்டைத் துண்டுகளையும் சிலந்தி வலையால் பிணைத்து, பெண் பறவை தொங்கும் பைபோலக் கூடு கட்டுகிறது. வாசலுக்கு மேலே சிறு தாழ்வாரமும் இருக்கும். வீட்டோரக் கம்பியில்கூடக் கட்டும். பொதுவாக 2 முட்டைகள். ஏறத்தாழ 15 நாட்களில் பொரிக்கும். தாயும் தந்தையும் சேர்ந்தே குஞ்சுகளுக்கு இரை கொடுக்கின்றன.

குஞ்சுகள் தேனால் மட்டும் வளர்வதில்லை. சிறு பூச்சிகளும் சிலந்திகளும் வேண்டும். பூக்கும் காலத்தில் கண்டபடி மருந்தடித்தால் இந்த இரை அழியும். மகரந்தம் சுமக்கும் தேனீயும் சாகும். காய் பிடிப்பதும் குறையும்.

நமக்கு

கூடு கலைந்தால் தேன்சிட்டு வேறிடத்தில் கட்டிக்கொள்ளும். அதைக் காட்டி, "நீங்களும் அப்படியே இருங்கள்" என்று நாம் சொல்லமாட்டோம். பறவைக்குக் காணி உறுதி இல்லை, நமக்கு உண்டு. 2009இல் போர் முடிந்த பின்னும் காணி திரும்பக் கிடைக்காத குடும்பங்கள் இருக்கின்றன. உறுதியைப் பத்திரமாக வைத்திருப்போம், உரிமையைக் கேட்போம். அத்தோடு, மண்வெட்டி பிடித்தறியாத நம் பிள்ளைகளுக்குப் பயிரறிவையும் கொடுப்போம். காணி ஒருநாள் கிடைக்கும்போது, அதைச் செய்யத் தெரிந்த கைகளும் வேண்டும்.

செய்து பார்ப்போம்

1. ஒரு சாடியில் செவ்வரத்தைத் தடி நட்டு, வரும் பறவைகளைப் பிள்ளைகளோடு கவனிப்போம்.

2. நம் தோட்டத்தில் எந்தப் பயிர் எப்போது பூத்தது, எது அதை நாடி வந்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக் கொப்பியில் எழுதி வைப்போம்.