கரப்பான் கண்ட குழந்தை

கைக்குழந்தையின் கன்னத்தில் செந்தடிப்பும் சொறியும் கண்டால், ஒட்டிக்கொள்ளும் என்று அஞ்சிச் சிலர் அதைத் தூக்க மறுக்கின்றனர். தாயின் பத்தியக் குறைவு என்று பழியும் சொல்கின்றனர். ஆனால் கரப்பான் தொற்றுநோயன்று.

நம் மேல்தோல் ஒரு மதில் போன்றது. அதைக் காக்கும் ஃபிலாக்ரின் என்னும் புரதத்தின் மரபணுக் குறை இந்நோய்க்கு ஒரு முக்கியக் காரணம் என்று 2006-ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். மதிலில் விரிசல் விழுந்தால் ஈரம் வெளியேறும். தோல் வறண்டு அரிப்பு மிகும்.

ஆகவே குழந்தையை வெதுவெதுப்பான நீரில் 10 நிமிடங்களுக்குள் குளிப்பாட்ட வேண்டும். சோப்பையும் மாவையும் அழுத்தித் தேய்த்தல் கூடாது. மெல்லிய துணியால் ஒற்றியெடுத்து, ஈரம் முழுதும் உலருமுன் மணமற்ற களிம்பைத் தாராளமாகப் பூச வேண்டும். பருத்தி உடையே நலம். நகங்களை அவ்வப்போது வெட்டிவிட வேண்டும். மருத்துவர் தந்த மருந்தை அச்சத்தால் நாமாகவே நிறுத்தலாகாது. புண்ணில் நீர் கசிந்தாலோ, காய்ச்சல் கண்டாலோ உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அரிக்கிறது என்று சொல்லப் பச்சிளங்குழந்தைக்கு வாயில்லை. அழ மட்டுமே தெரியும். அதனுடன் இரவெல்லாம் கண்விழிக்கும் தாய்க்குப் பழிச்சொல் எதற்கு? சற்று நேரம் குழந்தையை நாம் வாங்கி வைத்துக்கொள்வோம், அவள் உறங்கட்டும்.