பெயரைக் கடைசியில் சொல்லுங்கள்: பிள்ளைகளுக்கு உயிரினங்களைக் காட்ட 12 குறிப்புகள்

பல வீடுகளில் சுவரில் ஒரு விலங்குப் படம் தொங்குகிறது. சிங்கம், வரிக்குதிரை, பென்குவின், துருவக்கரடி என்று விரல் வைக்க வைக்க நாலு வயதுப் பிள்ளை கடகடவென்று சொல்லிவிடுகிறது. அந்தப் படத்துக்குப் பின்னால் குடியிருக்கும் பல்லி எங்கே முட்டையிடுகிறது என்று கேட்டால் வீட்டில் ஒருவருக்கும் தெரிவதில்லை. உயிரினப் பாடம் படத்தில் தொடங்கக் கூடாது, அந்த உயிர் இருக்கிற இடத்தில்தான் தொடங்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். மூன்று முதல் எட்டு வயது வரையுள்ள பிள்ளைகளோடு வீட்டிலும் தெருவிலும் செய்யக்கூடியவை இவை. செலவு அதிகமில்லை, ஒரு பூதக்கண்ணாடி மட்டும் வாங்கி வையுங்கள்.

1. ஒரு பூச்சியையோ பறவையையோ பார்த்ததும் பெயரைச் சொல்லிவிடாதீர்கள். பெயர் தெரிந்த மறுநொடியே பிள்ளை பார்ப்பதை நிறுத்திவிடும். முதலில் நாலு கேள்வி கேளுங்கள்: "இது எங்க தூங்கும்? என்ன சாப்பிடும்? தண்ணிக்கு என்ன பண்ணும்? குஞ்ச எங்க வெச்சிருக்கும்?" இந்த நாலுக்கும் விடை கிடைக்கிற இடம்தான் அதன் வாழிடம். உங்களுக்கே விடை தெரியாவிட்டால், "தெரியலையேம்மா, பார்ப்போம்" என்று சொல்லிவிட்டுக் கூடவே உட்காருங்கள்.

2. முதல் பாடம் பல்லி. இரவில் விளக்குக்குப் பக்கத்தில் ஏன் காத்திருக்கிறது என்று கேளுங்கள். வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும் என்பதைப் பிள்ளையே கண்டுபிடித்துவிடும். ஜன்னல் கண்ணாடியின் வெளிப்பக்கம் பல்லி ஒட்டியிருந்தால் விட்டுவிடாதீர்கள். உள்ளே நின்று பூதக்கண்ணாடியால் அதன் பாதத்தைக் காட்டுங்கள். விரல்களின் அடியில் வரிவரியாகத் தகடுகள் தெரியும். அந்தத் தகடுகளில் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய மயிரிழைகள்தான் அதைச் செங்குத்தான கண்ணாடியில் நிற்க வைக்கின்றன. பசையும் இல்லை, உறிஞ்சலும் இல்லை. சினைப்பட்ட பல்லியாக இருந்தால் வயிற்றுத் தோலுக்குள் வெள்ளையாக இரண்டு முட்டைகள்கூடத் தெரியும். காலண்டருக்குப் பின்னால், அலமாரி இடுக்கில் அந்த முட்டைகளைக் கண்டால் ஒட்டடை அடிக்கும்போது அந்த இடத்தை மட்டும் விட்டுவிடுங்கள். நம் வீட்டுப் பல்லிக்கு விஷம் கிடையாது. ஆனால் அது விழுந்த பாலைக் கொட்டிவிடுவதுதான் சரி, அதன் உடம்பில் கிருமிகள் இருக்கலாம்.

3. அரிசியில் வண்டு வந்துவிட்டால் உடனே வெயிலில் காயப்போடாதீர்கள். ஒரு கைப்பிடியை வெள்ளைத் தட்டில் பரப்பிப் பிள்ளையிடம் கொடுத்து, ஓட்டை விழுந்த அரிசியைத் தேடச் சொல்லுங்கள். தாய் வண்டு மூக்கால் அரிசியைத் துளைத்து, உள்ளே ஒரு முட்டையை வைத்து, வாயை மூடிவிடுகிறது. புழு அந்த ஒரே அரிசிக்குள் தின்று வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, வண்டாக ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வருகிறது. ஒரு குழந்தைக்கு வாழிடம் என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியுமா என்று தெரியவில்லை. சோறும் வீடும் தொட்டிலும் ஓர் அரிசிமணிக்குள் அடங்கிவிடுகின்றன! பார்த்து முடித்ததும் அரிசியைத் தாராளமாக வெயிலில் போடுங்கள்.

4. சுவரோரம் ஒரு சிட்டிகை சர்க்கரையும், சற்றுத் தள்ளி ஒரு துண்டு தேங்காயும், இன்னும் தள்ளி வறுத்த மீன் துணுக்கும் வையுங்கள். எந்த எறும்பு எதற்கு வருகிறது என்று பிள்ளை பார்க்கட்டும். வரிசை நன்றாக அமைந்த பிறகு ஈரத்துணியால் நடுவில் ஓரிடத்தை மட்டும் துடையுங்கள். இரண்டு பக்கமும் எறும்புகள் தடுமாறி நிற்கும். முன்னே போன எறும்பு தரையில் விட்டுப்போன வாசனைதான் பின்னே வருவதற்குப் பாதை. அது அழிந்துவிட்டதே! கொஞ்ச நேரத்தில் மீண்டும் வழி கண்டுபிடித்துவிடும்.

மாமரம் உள்ள வீட்டில் முசுறுக் கூட்டைத் தள்ளி நின்று காட்டுங்கள். பச்சை இலைகளைச் சேர்த்து இழுத்துப் பிடித்து, தங்கள் புழுக்களை வாயில் கவ்வி, அவை விடும் பட்டு இழையால் ஒட்டிக் கட்டிய வீடு அது. கை வைத்தால் கடி நிச்சயம்.

5. பால்கனியில் கறிவேப்பிலை அல்லது எலுமிச்சை, ஒரு தொட்டியாவது இருக்கட்டும். இலையைப் புழு கடித்திருக்கிறதே என்று மருந்தடிக்காதீர்கள். கறுப்பும் வெள்ளையுமாகப் பறவை எச்சம் போல ஒன்று இலைமேல் ஒட்டியிருந்தால் அது பட்டாம்பூச்சியின் இளம்புழு. பறவையை ஏமாற்றத்தான் அந்தத் தோற்றம். வளர்ந்ததும் இலையின் நிறத்துக்கே மாறிவிடும். ஒரு துடைப்பக் குச்சியால் லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாகவோ ஆரஞ்சாகவோ இரட்டைக் கொம்பு நீளும், கூடவே ஒரு நெடி வரும். ஒரு முறை போதும், திரும்பத் திரும்பத் தொட வேண்டாம். பிறகு அது இழையால் இடுப்பைக் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகத் தொங்குவதைப் பிள்ளை தினமும் எட்டிப் பார்க்கும்.

இந்தப் பட்டாம்பூச்சி ஏன் முருங்கையில் முட்டை வைக்கவில்லை என்று கேளுங்கள். அதன் புழுவுக்கு எலுமிச்சைக் குடும்பத்து இலைதான் சோறு. வெந்தய வரியனுக்கு எருக்கு. செடி போனால் அதை நம்பிய பட்டாம்பூச்சியும் போய்விடும். 2019-இல் தமிழ்நாட்டின் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவிக்கப்பட்ட தமிழ் மறவன் மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டில்தான் வாழ்கிறது, நம் பால்கனிக்கு வராது என்பதையும் இதோடு சேர்த்துச் சொல்லலாம். இரண்டு எச்சரிக்கை: கம்பளிப்பூச்சியைத் தொடக் கூடாது, எருக்கம்பால் கண்ணில் படக் கூடாது.

6. மொட்டைமாடியில் பறவைகளுக்குத் தண்ணீர் வைக்கிறீர்களா? அகலமான, ஆழமில்லாத மண்சட்டி நல்லது. தினமும் கழுவி ஊற்றுவது பிள்ளையின் வேலையாக இருக்கட்டும். ஏன் தினமும் என்பதற்கு ஒரு பாடம் உண்டு. எங்காவது தேங்கிய நீரில் நெளியும் கொசுப்புழுக்களைக் கண்டால் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் மொண்டு, வாயைத் துணியால் இறுகக் கட்டுங்கள். புழுக்கள் தலைகீழாகத் தொங்கி, வால்பக்கக் குழாயை நீர்மட்டத்துக்கு நீட்டி மூச்சு விடும். மேலே கையை ஆட்டி நிழல் விழச் செய்தால் அத்தனையும் சரேலென்று அடிக்கு ஓடும். நம் ஊர் வெயிலில் முட்டை ஏழு முதல் பத்து நாளில் கொசுவாகிவிடும். அதனால் பார்த்த அன்றே காய்ந்த மண்ணில் கொட்டிவிடுங்கள், அதையும் பிள்ளை கையாலேயே.

7. வீட்டுக்கோ பள்ளிக்கோ பக்கத்தில் ஒரு மரத்தைப் பிள்ளையின் மரமாக்கிக் கொடுங்கள். வேம்போ புங்கையோ போதும். அணில் நார் சேர்த்துக் கட்டிய கூடு, பட்டை இடுக்கில் சிலந்தி, கோடையில் காகத்தின் கூடு என்று ஒவ்வொன்றாகத் தெரியவரும். காகம் கூடு கட்டினால் குயிலும் அங்கேயே சுற்றும். கூவுகிற கறுப்புக் குயில் ஆண், உடம்பெல்லாம் புள்ளி போட்டது பெண். பெண் குயில் காகத்தின் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போக, காகம் குஞ்சுக்கு ஊட்டி வளர்க்கிறது. அம்மா ஏன் விட்டுட்டுப் போச்சு என்று பிள்ளை கேட்கும். குயில் கூடு கட்டுவதே இல்லை, அதன் வழி அது என்று சொல்லுங்கள். திருட்டு, சோம்பேறித்தனம் என்றெல்லாம் பறவைமேல் ஏற்ற வேண்டாம்.

8. வெளியிலிருந்து வீட்டுக்குள் கொண்டுவர நான் சம்மதிப்பது மண்புழு ஒன்றைத்தான், அதுவும் ஒரு வாரத்துக்கு. கண்ணாடி ஜாடியில் ஈரமண், மணல் என்று மாற்றி மாற்றி அடுக்கி, மேலே சருகு போட்டு, நாலைந்து புழுக்களை விட்டு, காற்றுப் போகும்படி மூடி, சுற்றிலும் கறுப்புத் தாளைக் கட்டி நிழலில் வையுங்கள். தோலால் மூச்சு விடுகிற உயிர் என்பதால் மண்ணில் ஈரம் குறையக் கூடாது, நீர் தேங்கவும் கூடாது. ஒரு வாரம் கழித்துத் தாளைப் பிரித்தால் அடுக்குகள் கலைந்திருக்கும், உள்ளே சுரங்கங்கள் தெரியும். சார்லஸ் டார்வின் 1881-இல் வெளியிட்ட தன் கடைசிப் புத்தகத்தை மண்புழுக்களைப் பற்றித்தான் எழுதினார். புழுக்களை எடுத்த இடத்திலேயே திரும்ப விடுங்கள்.

9. மழை நாளில் ஐந்திணை விளையாட்டு. தரையில் கோலமாவால் ஐந்து வட்டம் போடுங்கள்: மலை, காடு, வயல், கடற்கரை, வறண்ட நிலம். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று நம் முன்னோர் நிலத்தைப் பிரித்தபோதே அந்தந்த நிலத்தின் விலங்கையும் பறவையையும் மரத்தையும் சேர்த்தே சொன்னார்கள். களிமண்ணிலோ அட்டையிலோ உயிர்களைச் செய்து, யானையை மலையில், முயலைக் காட்டில், எருமையை வயலில், சுறாவை நெய்தலில், செந்நாயைப் பாலையில் வைக்கச் சொல்லுங்கள். பிறகு நீங்கள் வேண்டுமென்றே வரையாட்டைக் கடற்கரையில் வையுங்கள். "அங்க புல்லு ஏது? ஏறப் பாறை ஏது?" என்று பிள்ளை சண்டைக்கு வந்தால் பாடம் ஏறிவிட்டது என்று அர்த்தம். வரையாடு உயர்மலைப் புல்வெளியும் பாறைச் சரிவும் உள்ள இடத்தில்தான் பிழைக்கும். அது நம் மாநில விலங்கு.

10. நவம்பர் முதல் மார்ச் வரை ஒரு நீர்நிலைக்கு அழைத்துப் போங்கள். மதுராந்தகம் பக்கத்தில் வேடந்தாங்கல் இருக்கிறது, இல்லாவிட்டால் உங்கள் ஊர்க் கண்மாய் போதும். எத்தனை வகைப் பறவை என்று எண்ண வைக்காதீர்கள். அலகை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். நத்தைக்குத்தி நாரைக்கு அலகின் நடுவில் இடைவெளி இருக்கும், நத்தைதான் அதன் முக்கிய இரை. கரண்டிவாயன் தலையை இருபுறமும் ஆட்டி ஆட்டிச் சேற்றுநீரை அலசும். கூழைக்கடா பையை விரித்து மீனை அள்ளும். ஒரே ஏரியில் ஆளுக்கொரு சமையல்! வேடந்தாங்கலில் ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் பறவைகளைக் காத்து வருகிறார்கள். எச்சம் கலந்த ஏரிநீர் அவர்கள் வயலுக்கு உரமாகிறது.

கடற்கரைக்குப் போனால் சங்கையும் சிப்பியையும் பை நிறைய அள்ளி வர வேண்டாம், காலிச் சங்கு துறவி நண்டுக்கு வீடு. சென்னைக் கரையில் ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமை முட்டையிட வரும். 1988 முதல் மாணவர்கள் இரவில் கரையோரம் நடந்து அந்த முட்டைகளைத் தேடிப் பாதுகாத்து வருகிறார்கள். குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கித்தான் நகரும், தெருவிளக்கு எரிந்தால் கடலுக்குப் பதில் சாலைக்குப் போய்விடும். இரவில் டார்ச் அடிக்கக் கூடாது என்பதற்கு இதுதான் காரணம்.

11. சில விஷயங்களில் கண்டிப்பு வேண்டும். பொந்து, விறகுக் குவியல், கல் இடுக்கு எதிலும் கை விடக் கூடாது. பாம்பைப் பார்த்தால் நின்று, மெல்லப் பின்னால் வந்து, பெரியவர்களைக் கூப்பிட வேண்டும். தட்டான் வாலில் நூல் கட்டுகிற பழைய விளையாட்டு இனி வேண்டாம், அந்தத் தட்டானின் குஞ்சுகள்தான் குளத்தில் கொசுப்புழுவைத் தின்கின்றன. கிளி வேண்டும், நட்சத்திர ஆமை வேண்டும் என்று அழுதாலும் வாங்கித் தராதீர்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இவற்றை வீட்டில் வளர்ப்பது குற்றம்.

12. கீழே விழுந்த குஞ்சைப் பிள்ளை கையில் ஏந்திக்கொண்டு வரும் நாள் ஒன்று வரத்தான் செய்யும். இறகு முளைக்காத குஞ்சு என்றால் கூட்டைத் தேடித் திரும்ப வைத்துவிடுங்கள். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது உண்மையல்ல. இறகு முளைத்து, தத்தித் தத்தி நடக்கிற குஞ்சு என்றால் அது பறக்கப் பழகுகிறது. எடுத்த இடத்துக்குப் பக்கத்திலேயே தாழ்ந்த கிளையில் விட்டுவிட்டு, பூனை வராமல் தள்ளி நின்று பார்த்துக்கொள்ளுங்கள். வாயில் பாலோ தண்ணீரோ ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். காயம்பட்டிருந்தால் காற்றுப் போகும் அட்டைப்பெட்டியில் துணி விரித்து, இருட்டாக வைத்து, கால்நடை மருத்துவரிடமோ வனத்துறையிடமோ சேர்த்துவிடுங்கள்.