இன்ஜினியரிங் மேனேஜர் இன்டர்வியூ

கேள்வி: பத்தாண்டாக புரோகிராமர் நான். முதல் முறையாக மேனேஜர் வேலைக்கு இன்டர்வியூ. எதற்குத் தயாராவது?
– வாசகர், சென்னை

பதில்: சிஸ்டம் டிசைனைக் கைவிடாதீர்கள், அந்தச் சுற்றும் பெரும்பாலும் உண்டு. ஆனால் முடிவாவது ஆட்களைப் பற்றிய கேள்விகளில்தான். வேலையில் பின்தங்கியவரை என்ன செய்தீர்கள், இரண்டு சீனியர்கள் மோதியபோது எப்படித் தீர்த்தீர்கள் என்று துருவுவார்கள். கூகுள் 2008இல் தொடங்கிய 'புராஜெக்ட் ஆக்ஸிஜன்' ஆய்வு, நல்ல மேனேஜருக்கு எட்டுப் பண்புகளைப் பட்டியலிட்டது. முதலிடம், நல்ல பயிற்சியாளராக இருப்பதற்கு. தொழில்நுட்பத் திறன் கடைசியில்! உண்மையில் நடந்ததைச் சொல்லுங்கள். 'நாங்கள் செய்தோம்' என்றே பேசினால் உங்கள் பங்கு தெரியாது. பதவி இல்லாமலே ஜூனியர்களை வளர்த்திருப்பீர்களே, அதுவும் அனுபவம்தான். முந்தைய மேனேஜர் ஏன் விலகினார் என்று நீங்களும் அவசியம் கேளுங்கள்.